இடது பக்கம் சாஞ்சா நல்லா கேக்கும்

பையை இப்படிக் குடுங்க தம்பி, மடியில வச்சுக்குறேன். நிக்கிறவங்க பையை உக்காந்திருக்குறவன் வாங்கிக்கலன்னா அப்புறம் என்ன மனுஷன். கனமா இருந்தா என்ன, ஆம்ப்ளிஃபயர் தூக்கிப் பழகுன கை இது. மைக் செட் ரெத்தினம்னு எங்க மேலக்கரம்பைப் பக்கம் கேட்டுப் பாருங்க. கல்யாணம், காதுகுத்து, தேர், கட்சி மீட்டிங்கு, எதுவா இருந்தாலும் ஸ்பீக்கர் குழாய் நம்மளோடதுதான்.

இது என்ன உள்ள வளைஞ்சு வளைஞ்சு, ஸ்டெத்தா? வெள்ளைக் கோட்டும் மடிச்சு வச்சிருக்கீங்க. அதான் பாத்தேன், தூங்காத மூஞ்சி. எத்தனாவது வருஷம்? ரெண்டாவதா. அப்ப இப்பதான் வார்டுக்குள்ள விட ஆரம்பிச்சிருப்பாங்க. இருங்க, இவர் எறங்கப் போறாரு. இந்தா, எறங்கிட்டாரு. உக்காருங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க.

நானும் உங்க பெரியாஸ்பத்திரிக்குத்தான் வர்றேன். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, எனக்குத் தலைவலின்னு ஒரு மாத்திரை போட்டதில்ல. நான் பரீட்சைக்கு வர்றேன். சிரிக்காதீங்க. உங்க கடைசி வருஷத்து அண்ணன்மாருக்கெல்லாம் இன்னிக்குப் பரீட்சை ஆரம்பிக்குதில்ல, அதுக்குத்தான்.

உங்களுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. பேப்பர்ல எழுதுற பரீட்சை ஒண்ணு. அது முடிஞ்சதும், நிஜமான நோயாளியைக் கட்டில்ல படுக்க வச்சு, இவங்களுக்கு என்ன நோய்னு கண்டுபிடி பாப்போம்னு விடுற பரீட்சை ஒண்ணு. அதுக்கு நோயாளி வேணுமில்ல? போற வர்றவனைப் பிடிச்சுப் படுக்க வைக்க முடியுமா. நோய் தெளிவா இருக்கணும். வெளியூர்லேர்ந்து பரீட்சை வைக்க வர்ற டாக்டருக்கும் சந்தேகம் வரக் கூடாது. அதுக்குன்னு சில பேர் இருக்கோம். வார்டுல வேலை பாக்குற ஆரோக்கியதாஸ், அவருதான் போன் போட்டுக் கூப்பிடுவாரு. மண்ணீரல் வீங்குன ஒருத்தர் வருவாரு, ஒரு பக்கம் கை கால் வராத ஒருத்தர் வருவாரு. வருஷா வருஷம் அதே ஆளுங்க. திருவிழாக் கடைக்காரங்க மாதிரி ஒருத்தரை ஒருத்தர் நலம் விசாரிச்சுக்குவோம். சாப்பாடு அங்கயே, பஸ் செலவும் குடுத்துருவாங்க.

அதுல இதய கேஸ், என் சம்சாரம். தையல்நாயகி. கேஸு அவ, நான் சும்மா தொணைக்குப் போறவன்.

இப்ப இல்ல. பங்குனியில, தேரன்னிக்குப் போயிட்டா.

ஆரோக்கியதாஸுக்குத் தெரியாது. முந்தாநாள் போன் போட்டாரு. "அண்ணே, திங்கக்கிழமை பரீட்சை, அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க, ஜன்னல் பக்கத்துக் கட்டிலையே போட்டு வச்சிருக்கேன்"ன்னாரு. நான் "வர்றோம்"னுட்டேன். சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன். வர்றோம்னுதான் வந்துச்சு. அப்புறம் எப்படி அதை மாத்துறது சொல்லுங்க. ஒரு வார்த்தை குடுத்தா குடுத்ததுதான், தொழில்ல எனக்கு அப்படித்தான் பேரு. காலையில குளிச்சேன், வேட்டியைக் கட்டுனேன், கிளம்பிட்டேன். மேல பாருங்க, கம்பில. ரெண்டு தலையணை. அவளுக்கு ரெண்டு தலையணை வச்சு உசரமாப் படுத்தாதான் மூச்சு விட முடியும், ஆஸ்பத்திரி தலையணை ஒத்துக்காதுன்னு எப்பவும் வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போவேன். இன்னிக்கும் கை பாட்டுக்கு எடுத்துருச்சு. பஸ் ஏறுனப்புறம்தான் பாத்தேன்.

பாருங்க, இதுதான் நம்மகிட்ட உள்ள கெட்ட பழக்கம், கதையை நடுவுல ஆரம்பிச்சுருவேன்.

அவளுக்குச் சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்திருக்கு. அது மூட்டைத் தொட்டுட்டு இதயத்துல போய் உக்காந்துக்கும்னு எவனுக்குத் தெரியும். கட்டிக்கிட்டு வந்த புதுசுல, குடத்தைத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சா நின்னுருவா. எங்க அம்மா, "மருமவ நடிக்கிறா"ன்னாங்க. அப்புறம் உண்டானா. ரெண்டாவது மாசமே உடம்பு தாங்கல. இந்த இதயத்தோட பிள்ளை பெத்தா தாய் தங்காதுன்னு டாக்டர் கலைச்சு விட்டாரு. அதோட சரி. அப்புறம் எங்க ஊர்ல ஒரு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடணுமே, கூப்பிட மாட்டாளுக. என்னைக் கூப்பிடுவானுக, மைக் செட்டுக்கு. வளையல் அடுக்குற பாட்டை நான் போடுவேன், அவ வீட்டுல உக்காந்து குழாய்ல கேப்பா.

அப்படி இருந்தவளத்தான் தம்பி, உங்க பெரியாஸ்பத்திரியில கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுனேன். சீஃப்னு சொல்வாங்கல்ல, பெரிய டாக்டர், அவரு ஸ்டெத்தை வச்சவரு எடுக்கவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு. அப்புறம் வாசல்ல போன பசங்களையெல்லாம் வாங்கடான்னு கூப்பிட்டாரு. "இந்த மாதிரித் தெளிவா இனிமே கேக்கக் கெடைக்காதுடா, வரிசையா வந்து கேளுங்க." அவ்வளவு பேரும் வரிசையில நின்னானுக. எங்க ஊர்ல ஒருத்தி திரும்பிப் பாக்காத பொம்பளை, அவளைப் பாக்க வரிசை. அவ முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கிட்டா அன்னிக்கு. வெக்கம்.

அடுத்த பரீட்சைக்குக் கூப்பிட்டாங்க. அப்புறம் வெக்கம் போயிருச்சு. அப்புறம் பரீட்சைன்னா தீபாவளிதான் அவளுக்கு. புதுப் புடவையை எடுத்து வச்சுக்குவா. பையன்களும் பொண்ணுகளும் அம்மா அம்மான்னு கட்டிலைச் சுத்தி நிப்பாங்க. "சாப்பிட்டியாப்பா, பரீட்சைக்கு வெறும் வயித்தோட வரக் கூடாது"ன்னு இவ கேப்பா. கேஸு கேக்குற கேள்வியா அது.

ஒரு சட்டம் உண்டு. நோய் பேரை மட்டும் நோயாளி வாயால சொல்லக் கூடாது. பேரைத் தவிர மத்தது கேட்டா சொல்லலாம். அவ அழகா வரிசையாச் சொல்லுவா. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சு, படி ஏறுனா மூச்சு வாங்குது, ரெண்டு தலையணை வேணும், ராத்திரி எழுந்து உக்காந்துக்குவேன்னு. ஆனா அந்த இதயச் சத்தம் இருக்கு பாருங்க, அது மல்லாக்கப் படுத்தா லேசுல சிக்காது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். பாதிப் பசங்க பயத்துல அதை மறந்துட்டு, மல்லாக்க வச்சே கேட்டுட்டு ஒண்ணும் கேக்கலையேன்னு முழிப்பானுக. இவ என்ன பண்ணுவா தெரியுமா, புடவை மடிப்பைச் சரி பண்ற மாதிரி மெல்ல இடது பக்கம் திரும்பிக்குவா. அவ்வளவுதான். பயல் மூஞ்சியில வெளிச்சம் வந்துரும். வெளில வந்ததும், "ஏண்டி இப்படித் திருட்டுத்தனம் பண்றே"ம்பேன். "நான் புடவையைத்தாங்க சரி பண்ணுனேன்"ம்பா. கள்ளி.

ஒருத்தர் பயத்துல ஸ்டெத்தைக் கீழயே போட்டுட்டாரு. சின்னப் பையன், பூனை மீசை. இவ எடுத்துக் குடுத்து, "பயப்படாதீங்க தம்பி, இடது பக்கம் சாஞ்சா நல்லா கேக்கும்"னு காதோட சொல்லிட்டா. பாஸாயிட்டு ஓடி வந்து கால்ல விழுந்தாரு. அந்தப் பூனை மீசைக்காரரை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் வர்றேன்.

எனக்கும் ஒரு தடவை காதுல மாட்டி விட்டாங்க, சும்மா வெளையாட்டுக்கு. கேட்டேன். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர்ல பாட்டுக்கு அடியில ஒரு உறுமல் வரும் பாருங்க, அதேதான். என் தொழில்ல அந்த உறுமல் வந்தா ஒரு நிமிஷம் விட மாட்டேன். பாட்டு ஓடிக்கிட்டிருந்தாலும் நிறுத்திட்டுச் சரி பண்ணிட்டுத்தான் மறு வேலை. ஆனா இது வேற. இது பெரிய பெரிய டாக்டருங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேக்குற சத்தமாச்சே.

ஒரு தடவை பெரிய மண்டபத்துல கூட்டம் வச்சாங்க. கேஸ் மீட்டிங்காம். சினிமா மாதிரித் திரை. எங்க ரெண்டு பேரையும் முன் வரிசையில உக்கார வச்சாங்க. நான் போனதும் மைக்கு ஊளையிட்டுச்சு. ஸ்பீக்கருக்கு நேரா மைக்கைத் திருப்பி வச்சிருந்தான் ஒரு புத்திசாலி. நானே எழுந்து போய்ச் சரி பண்ணிட்டு வந்தேன். சீஃப் மைக்குலயே நன்றி சொன்னாரு. திரையில அவ நெஞ்சு எக்ஸ்ரே, இவ்வளவு பெருசு. வயசு போட்டிருந்துச்சு, பேர் போடல. பேர் போட மாட்டாங்களாம். எல்லாம் இங்கிலீஷு. நடுவுல ஒரு கோடு கிழிச்சு, அதுல வருஷமா எழுதிக்கிட்டே வந்தாங்க. கடைசியா திரையில பெருசா ஒரு கேள்வி. கேள்விக்குறி எனக்குத் தெரியுமில்ல. மண்டபமே திரும்பி எங்களைப் பாத்துச்சு. ஒரு பொண்ணு அழுதுச்சு கூட. நான் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். ஒருத்தரும் கை தட்டல, அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. வெளில வந்து, "என்ன கேள்வி போட்டாங்க ஆரோக்கியம்"னு கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, சாப்பாட்டு நேரமாச்சு வாங்க"ன்னுட்டாரு. அந்தக் கேள்வி என்னன்னு உங்களால விசாரிச்சுச் சொல்ல முடியுமா தம்பி? உங்க காலேஜ்லதானே வச்சிருப்பாங்க.

பலூன் விஷயத்துக்கு வர்றேன். நீங்களே கேக்கத்தான் போறீங்க, எல்லாரும் கேக்குறாங்க.

தொடை வழியா ஒரு கம்பியை விட்டு, இதயத்துக்குள்ள பலூனை ஊதி, அடைச்சிருக்குற வால்வை விரிச்சு விடுவாங்களாம். கிழிக்கக் கூட வேணாம். காசும் கெடையாது, கவர்மெண்டே பாத்துக்கும். சீஃப் ஒவ்வொரு தடவையும் சொன்னாரு, நான் இல்லைன்னு சொல்லல. "இந்தப் பரீட்சை முடிஞ்சதும் அட்மிட் பண்ணிரலாம் ரெத்தினம்." நானும் சரிங்கய்யான்னுதான் சொன்னேன். ஆனா ஆரோக்கியதாஸ் ஒரு நாள் டீக்கடையில சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "பலூன் வச்சா அக்காவுக்குச் சத்தம் போயிரும்ணே, அப்புறம் நம்ம பசங்க எதை வச்சுப் பரீட்சை எழுதுவானுக"ன்னு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்கு அது நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. சத்தம் போயிட்டா இவளை யாரு கூப்பிடுவா? அம்மா அம்மான்னு யாரு வந்து நிப்பா? திரும்ப அந்தத் தெருவுல, அந்த வாசல்ல, சீக்காளிப் பொம்பளையா உக்காந்திருக்கவா? நான் அவளுக்காகத்தான் தம்பி பாத்தேன். எனக்கு இதுல என்ன வந்துச்சு.

ஊருக்குள்ள நான் நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டது உண்டு. இந்த ஜில்லாவுல ஸ்டெத்துப் போட்ட பாதி டாக்டரு எங்க வீட்டுக்காரிகிட்ட படிச்சவங்கதான்னு. அதுல பொய் இருக்கா?

நிலோஃபர்னு ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கும். பரீட்சை முடிஞ்சப்புறமும் போகாம இவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் டீ வாங்கிட்டு வர்றேன், அது சொல்லிக்கிட்டிருக்கு, "எங்களுக்காக நீங்க இப்படியே இருக்க வேணாம்மா. போன வருஷத்துக்கு இந்த வருஷம் மோசமாயிருக்கு." எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "உன் பரீட்சை முடிஞ்சிருச்சில்ல, கிளம்பும்மா, உபதேசம் வேணாம்"னேன். எழுந்து போயிருச்சு. போறப்ப இவ கன்னத்தைத் தொட்டுட்டுப் போச்சு.

அன்னிக்கே இவ சீஃப்கிட்ட சொல்லிட்டா. எனக்குப் பலூன் வச்சு விட்டுருங்கய்யான்னு. என்னைக் கேக்காம. சீஃப் என்னைக் கூப்பிட்டு, "அவங்க ஒத்துக்கிட்டாங்க, நீயும் ஒரு கையெழுத்துப் போடு"ன்னாரு. நான், "அடுத்த பரீட்சை மட்டும் முடியட்டுங்கய்யா, இத்தனை வருஷம் இருந்த சத்தம்தானே, எங்க போயிரப் போகுது"ன்னேன். அவரு என்னையே பாத்தாரு. ஃபாரத்தை மடிச்சு வச்சுட்டு எழுந்து போயிட்டாரு. பெரிய மனுஷன், ரெண்டு அடி போட்டாவது சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. அதுதான் எனக்கு அவரு மேல கோவம்.

பஸ்ல வர்றப்ப இவகிட்ட கேட்டேன், "என்னடி திடீர்னு, உனக்கு அங்க என்ன குறைச்சல்?" அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டு, "மொட்டை மாடிக்கு ஏறணும்ங்க"ன்னா. "எதுக்கு?" "தேர் நம்ம தெருவுல திரும்புறப்ப எல்லாரும் மாடிலேர்ந்துதானே பாக்குறாங்க. நம்ம வீட்டு மாடியை நான் பாத்ததே இல்லையே." உண்மைதான். நாங்க வீடு கட்டி அத்தனை வருஷம் ஆச்சு, குழாய் எல்லாம் மாடிலதான் கெடக்கும், அவ ஒரு நாள் ஏறுனதில்ல. "கீழ நின்னு அண்ணாந்து பாத்து கும்பிடுறதுதான் முறை, மேல நின்னு சாமியைக் கீழ பாக்கக் கூடாது"ன்னேன். நல்ல பதிலாத்தான் இருக்குன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்.

தேரன்னிக்கு நம்மளோட மைக் செட்டுதான். தேருக்கு முன்னாடி வண்டியில குழாய் கட்டி, நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். வடம் பிடிக்கிறவங்க மெல்ல வாங்க, சக்கரத்துக்குக் கட்டை போடுறவங்க கவனமாப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே வர்றேன். நம்ம தெருவுல தேர் திரும்புது. ஏதோ தோணி மேல பாத்தேன். எங்க வீட்டு மாடில நிக்கிறா.

பரீட்சைப் புடவையைக் கட்டிக்கிட்டு, கைப்பிடிச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா தம்பி. வேர்த்து ஒழுகுது, அங்கேர்ந்தே தெரியுது. சிரிக்கிறா. கல்யாணத்தன்னிக்குக் கூட அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. தேரைப் பாக்குறாளா, என்னைப் பாக்குறாளான்னு தெரியல. நான் மைக்கைப் பிடிச்ச கையாலயே எறங்கு எறங்குன்னு காட்டுனேன். வாயில வேற மைக்குல சொல்லிட்டேன் போல, "யாரு உன்னை ஏறச் சொன்னா"ன்னு. தெருப் பூரா கேட்டுச்சாம். எல்லாரும் மாடியைப் பாத்தாங்களாம். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதுதான் நான் அவளை நின்னபடி பாத்தது. கடைசியா.

எறங்குறப்ப நடுப் படியில உக்காந்துட்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கதான் பாத்துட்டு ஓடி வந்துச்சுங்க. வாயில நுரை நுரையா, ரத்தம் கலந்து. 108 ஆம்புலன்ஸ் தேர்க் கூட்டத்தைத் தாண்டி வர்றதுக்கு, நானே மைக்குல வழி விடுங்க வழி விடுங்கன்னு கத்துனேன். என் பொண்டாட்டிக்குன்னு சொல்லல, ஆஸ்பத்திரி வண்டிக்குன்னுதான் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போகச் சொன்னேன். நம்ம ஆஸ்பத்திரிதானே. உள்ள போனதும் எல்லாரும் ஓடி வருவாங்க, அம்மாவுக்கு என்ன ஆச்சும்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தருக்கும் தெரியல தம்பி. ஆரோக்கியதாஸ் லீவு. சீஃப் ஊர்ல இல்ல. அவசரப் பிரிவு எங்களுக்குப் புதுசு, அங்க நாங்க போனதே இல்லையே. பேர் என்ன, வயசு என்ன, எப்பலேர்ந்து மூச்சுத் திணறுதுன்னு என்னைக் கேள்வி கேக்குறாங்க. எனக்கு வந்துச்சே கோவம். உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவ அவ, அவளைப் பாத்து யாருன்னு கேக்குறீங்களான்னு கத்துனேன். குடிச்சுட்டு வந்திருக்கேன்னு நெனச்சு வெளில நிறுத்தப் பாத்தாங்க.

அப்ப ஒரு டாக்டர் ஓடி வந்தாரு. பூனை மீசை இப்ப நல்ல மீசையாயிருச்சு. அவரேதான். எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுருச்சு, அவருக்குத் தெரியல. ஸ்டெத்தை எடுத்து வச்சாரு. இவளால உக்காரவே முடியல, ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சிருக்காங்க. அந்த நெலமையில அவ என்ன பண்ணா தெரியுமா? இடது பக்கம் சாயப் பாத்தா. "அம்மா நேரா உக்காருங்க, சாயாதீங்க"ன்னு அவரு தூக்கி நிறுத்துறாரு. இவ மறுபடியும் சாயுறா. மூச்சு இல்ல, பேச்சு இல்ல, சாயுறா. அப்புறம் அவரு காதுகிட்ட வாயைக் கொண்டு போயி, "இடது பக்கம்... சாஞ்சா... நல்லா கேக்கும் தம்பி"ன்னா.

அவரு அப்பதான் இவ மூஞ்சியைப் பாத்தாரு. "அம்மா, நீங்களா"ன்னாரு. என்னென்னமோ ஊசி போட்டாரு, குழாய் விட்டாரு, ஆளைக் கூப்பிட்டுக் கத்துனாரு. குறை சொல்ல மாட்டேன், அவரால முடிஞ்சதைப் பண்ணாரு. கொஞ்ச நேரத்துல எல்லாம் நின்னுருச்சு.

வெளில வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு அழுதாரு. அழுதுட்டுத் திரும்பி என்னைக் கேக்குறாரு, "ஏன்யா இன்னும் பலூன் பண்ணாம வச்சிருந்தீங்க?" ஒரு ஆறுதல் வார்த்தை இல்ல. செத்தது என் பொண்டாட்டி. என்னைப் போய்க் கேள்வி கேக்குறாரு. நான் என்ன சொல்றது, உங்களுக்காகத்தான்யான்னு சொல்லவா? வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. கால்ல விழுந்த பையன், சொன்னா தாங்க மாட்டாருன்னு விட்டுட்டேன்.

அவ்வளவு டாக்டருங்க படிச்சாங்களே தம்பி அவகிட்ட. ஒருத்தராவது வீட்டுக்கு வந்தாங்களா? நிலோஃபர் மட்டும் வந்துச்சு, எப்படித் தெரிஞ்சுச்சோ. வாசல்ல நின்னுச்சு. உள்ள வாம்மான்னு நான் கூப்பிடல. அது வாசல்லேர்ந்தே, "மாடியை ஒரு தடவை பாக்கலாமா"ன்னு கேட்டுச்சு. அது எப்படி அதுக்குத் தெரியும்? அப்ப இவ அதுகிட்டயும் சொல்லியிருக்கா. என்கிட்ட சொன்ன மாதிரியே.

நான் இப்பல்லாம் மாடிக்கு ஏறுறதில்ல. குழாயெல்லாம் மழையில கெடக்கு.

என்ன, வண்டி நிக்குது? ஓ, ரயில்வே கேட் போட்டுட்டானா. இப்பப் போட்டா சரக்கு வண்டி, மெல்லத்தான் போவான். டிரைவர் இஞ்சினையே நிறுத்திட்டாரு பாருங்க. எவ்வளவு அமைதியாயிருச்சு.

தம்பி, ஒரு உதவி. தப்பா நெனைக்காதீங்க. அந்த ஸ்டெத்தைக் கொஞ்சம் மாட்டி என் நெஞ்சுல வச்சுப் பாருங்களேன். சட்டைக்கு மேலயே வைங்க, பரவாயில்ல. அங்க போயி, அவ இல்ல, அவளுக்குப் பதிலா நான் படுத்துக்குறேன்னு சொல்லலாம்னுதான் கிளம்பி வந்தேன். இத்தனை மாசமா ராத்திரியில இங்க ஏதோ பண்ணுது. கட்டாயம் ஏதாவது இருக்கும். அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ, மார்க் காம்புக்குக் கீழ. ஆங், அங்கதான், அவளுக்கும் அங்கதான் வைப்பாங்க.

என்ன கேக்குது? ரெண்டு சத்தமா? ரெண்டுக்கும் நடுவுல? நல்லாக் கேளுங்க, அவசரமே இல்ல, கேட் இன்னும் தொறக்கல.

ஒண்ணும் இல்லையா. இருங்க, நான் இடது பக்கம் சாஞ்சுக்குறேன். இந்த சீட்டுல இவ்வளவுதான் சாய முடியுது. இப்ப வச்சுப் பாருங்க.

இப்பவும் இல்லையா.

சுத்தமா இருக்குன்னா, அடியில ஒரு உறுமல் கூட இல்லையா? லேசாக் கூட? இத்தனை வருஷம் ஒரே பாயில படுத்திருந்தேன் தம்பி. அவ முதுகு என் நெஞ்சுல பட்டுக்கிட்டுத்தான் இருக்கும். கொஞ்சம் கூட ஒட்டிக்கலையா.

சரி, எடுத்துருங்க. காது வலிக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க, இல்லாததைக் கேளுன்னா.

வண்டியை எடுத்துட்டான். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்குனதும் ஒரு எட்டு என்கூட வார்டு வரைக்கும் வர்றீங்களா? அந்தத் தலையணையில ஒண்ணை நீங்க எடுத்துக்கங்க. ஆரோக்கியதாஸ் வாசல்லயே நிப்பாரு, எனக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாரு அவ வர்றாளான்னு. எனக்கு வாய் வராது. நீங்க சொல்லிருங்க. ஒண்ணும் வெவரமா வேணாம். அண்ணன் மட்டும்தான் வந்திருக்காருன்னு சொல்லுங்க, போதும்.